உடம்பு முழுக்க ஸ்கான் செய்தால் நிம்மதி கிடைக்குமா?

தனியார் வைத்தியசாலைகளின் கருமபீடங்களுக்கு முன்னால் இப்போது ஒரு புதிய விலைப்பட்டியலைக் காணலாம். வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடை பாணியில் பெயரிடப்பட்ட ‘முழு உடல் பரிசோதனை’ பக்கேஜ்கள். இரத்தப் பரிசோதனைகளோடு ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கான் எல்லாம் சேர்ந்தே வரும். இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கானும் உண்டு. வடக்கு கிழக்கில் இதற்குப் பணம் கட்டுபவர்கள் பெரும்பாலும் பரிசோதனைக்குச் செல்பவர்கள் அல்லர். லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருக்கும் பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்காகக் கட்டுகிறார்கள். பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லையே என்ற கவலையும் குற்றவுணர்வும் அந்தப் பணத்தில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எதுவுமில்லை.

இதே ஊர்களில், மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டு மாதக்கணக்காகியும் யாருக்கும் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள். வாயில் ஆறாத புண்ணோடு வெற்றிலை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகும் ஆண்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் எந்த வருத்தமும் இல்லாதவர்களுக்குப் பல்லாயிரம் ரூபா செலவில் ஸ்கான். இன்னொரு பக்கம் அறிகுறி இருப்பவர்களுக்கு ஒரு பரிசோதனையும் இல்லை. உடலைப் படம் பிடிக்கும் இயந்திரங்கள் எதைக் காட்டும், எதைக் காட்டாது, யாருக்கு எப்போது தேவை என்பது சரியாக விளங்காததும் இந்த நிலைமைக்கு ஒரு காரணம்.

இரண்டு வெவ்வேறு வேலைகள்

ஒருவருக்கு இரண்டு வாரமாக இருமல். வைத்தியர் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். இது நோயறிதல். ஒரு கேள்வி இருக்கிறது, படம் அதற்குப் பதில் தேடுகிறது.

இன்னொருவருக்கு எந்தக் குறையும் இல்லை. நோய் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அதே எக்ஸ்ரேயை எடுக்கிறார். இது ஸ்கிரீனிங், அதாவது அறிகுறிகள் தோன்றும் முன்பே நோயைத் தேடுவது. இயந்திரம் ஒன்றுதான். ஆனால் இரண்டாமவரின் படத்தில் தென்படும் ஒரு நிழலுக்கும் முதலாமவரின் படத்தில் தென்படும் அதே நிழலுக்கும் ஒரே அர்த்தம் கிடையாது. அறிகுறி உள்ளவரிடத்தில் அந்த நிழல் நோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அறிகுறி இல்லாதவரிடத்தில் அது பழைய தழும்பாகவோ ஒன்றுமில்லாததாகவோ இருக்கும் வாய்ப்பே அதிகம்.

நோயில்லாத மக்களிடம் நோயைத் தேடப் போவதென்றால் என்னென்ன நிபந்தனைகள் பூர்த்தியாக வேண்டும் என்பதை 1968 இல் வில்சன், யுங்னர் என்ற இருவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதி வைத்தார்கள். தேடும் நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும். அறிகுறி தோன்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு கட்டம் அதற்கு இருக்க வேண்டும். பரிசோதனை மக்கள் ஏற்றுக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு கொடுக்கப் பயனுள்ள சிகிச்சையும், அதைக் கொடுக்கும் வசதியும் இருக்க வேண்டும். அரை நூற்றாண்டு கடந்தும் உலகெங்கும் சுகாதாரத் துறைகள் பாவிக்கும் அளவுகோல் இதுதான். ‘முழு உடல் ஸ்கான்’ இந்த அளவுகோலில் தேறுவதில்லை. அது எந்த நோயைத் தேடுகிறது என்ற முதற் கேள்விக்கே அதனிடம் பதில் இல்லை.

நான்கு இயந்திரங்கள், நான்கு விதமான பார்வை

ஜேர்மனியப் பௌதிகவியலாளர் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. எக்ஸ்ரே இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. கதிர் உடலை ஊடுருவிச் செல்கிறது, எலும்பு அதை அதிகம் தடுக்கிறது, காற்று நிறைந்த நுரையீரல் குறைவாகத் தடுக்கிறது. அதனால் எலும்பு முறிவுக்கும் நியூமோனியாவுக்கும் காசநோய்க்கும் அது நல்ல கருவி. ஈரலையும் கணையத்தையும் அது பிரித்துக் காட்டாது.

சி.ரி. ஸ்கானும் எக்ஸ் கதிர்தான். கதிர்க் குழாய் உடலைச் சுற்றிவர, கணினி அந்தத் தரவுகளைச் சேர்த்து பாணைத் துண்டு துண்டாக வெட்டியதுபோல் உடலின் குறுக்குவெட்டுப் படங்களைத் தருகிறது. 1971 இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளை இப்படிப் படம் பிடிக்கப்பட்டது. இதை உருவாக்கிய கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதற்கான கணிதத்தைத் தந்த அலன் கோர்மக்குக்கும் 1979 இல் நோபல் பரிசு கிடைத்தது. விபத்து, பக்கவாதம், வயிற்றில் திடீர்க் கடும் வலி என்று நிமிடங்கள் முக்கியமாகும் இடங்களில் சி.ரி. உயிர் காக்கிறது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் கதிர்வீச்சு கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலி அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. கர்ப்பிணிகளுக்கு இதைப் பாவிப்பதற்குக் காரணம் அதுதான். பித்தப்பைக் கல், சிறுநீரக அடைப்பு, கருப்பைக் கட்டி போன்றவற்றுக்கும் பொருத்தமானது. ஆனால் காற்றையும் எலும்பையும் தாண்டி இதால் பார்க்க முடியாது. கருவியைப் பிடிப்பவரின் திறமையில் முடிவு பெரிதும் தங்கியிருக்கும்.

எம்.ஆர்.ஐ. சக்திவாய்ந்த காந்தப் புலத்தையும் ரேடியோ அலையையும் கொண்டு வேலை செய்கிறது. இதிலும் எக்ஸ் கதிர் இல்லை. மூளை, முள்ளந்தண்டு, மூட்டு, தசைநார் போன்றவற்றை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி கிடையாது. நேரமும் பணமும் அதிகம் தேவை.

இவற்றில் ஒன்று மற்றொன்றைவிட ‘பெரிய’ ஸ்கான் அல்ல. “எக்ஸ்ரே மட்டும் எடுத்தவை, எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை” என்று வைத்தியரைக் குறை சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். விலையைக் கொண்டு ஸ்கானின் தரத்தை எடைபோடுவதால் வரும் குழப்பம் இது. நுரையீரல் காசநோயைத் தேடுவதற்கு ஒரு சாதாரண மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்யும் வேலையை விலைகூடிய எம்.ஆர்.ஐ. செய்யாது.

கதிர்வீச்சு: எவ்வளவு பயப்படலாம்?

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் நம் எல்லோருக்கும் தினமும் கதிர்வீச்சு கிடைக்கிறது. உலக சராசரி வருடத்துக்கு 2.4 மில்லி சீவேர்ட். ஒரு மார்பு எக்ஸ்ரே தருவது அதிகபட்சம் 0.1 அளவு. மார்பகத்தைப் படம் பிடிக்கும் மமோகிராம் சுமார் 0.4. தலை சி.ரி. ஏறக்குறைய 2. வயிறும் இடுப்பும் சேர்ந்த சி.ரி. ஸ்கான் 8 முதல் 10 வரை போகும்.

அதாவது ஒரு வயிற்று சி.ரி. எடுப்பது, இயற்கையாக மூன்று நான்கு வருடங்களில் கிடைப்பதை ஒரே நாளில் வாங்குவதற்குச் சமம். காரணம் இருந்தால் இதற்குப் பயப்படத் தேவையில்லை. விபத்தில் அடிபட்டு வந்தவர் கதிர்வீச்சுக்குப் பயந்து சி.ரி.யை மறுப்பது ஆபத்து. ஆனால் எந்தக் காரணமும் இல்லாமல் வருடா வருடம் எடுப்பதற்கு நியாயம் இல்லை. தனி ஒருவருக்கு வரக்கூடிய ஆபத்து மிகச் சிறியது. அந்தச் சிறிய ஆபத்தை ஈடுசெய்ய ஒரு பலன் வேண்டுமல்லவா? பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. அவர்களின் உடல் கதிர்வீச்சால் கூடுதலாகப் பாதிக்கப்படும். கர்ப்பமாக இருக்கும் பெண்களும், இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களும், எக்ஸ்ரேக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

உடலில் ஷெல் துண்டு உள்ளவர்கள் கவனத்துக்கு

எம்.ஆர்.ஐ. பற்றி வேறு நாடுகளில் எழுதப்படும் கட்டுரைகள் இதய பேஸ்மேக்கர் பற்றி எச்சரிக்கும். நம்மிடையே அதைவிட அதிகம் பேசப்பட வேண்டியது ஷெல் துண்டு. போரில் காயப்பட்டு, எடுக்க முடியாத இடத்தில் உலோகத் துண்டுகளோடு வாழ்பவர்கள் வன்னியிலும் கிழக்கிலும் ஏராளம். சிலருக்கு அது உடலில் இருப்பதே மறந்துபோயிருக்கும். சின்ன வயதில் காயப்பட்டவர்களுக்கு அது தெரியாமலும் இருக்கலாம்.

வழக்கமான எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப் புலம் 1.5 ரெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு. இரும்பு கலந்த துண்டு அதனுள் அசையலாம், சூடாகலாம். கண்ணுக்குள்ளோ, முள்ளந்தண்டுக்கு அருகிலோ, பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால் விளைவு பாரதூரமாகும். துண்டு எங்கோ தசைக்குள் பல வருடங்களாக இறுகிப்போய் இருந்தால் ஸ்கான் செய்ய முடியக்கூடும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கதிரியக்கவியல் வைத்திய நிபுணர். ஒரு எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாக சி.ரி. செய்வார்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு முன் ஒரு படிவம் தருவார்கள். அது சில இடங்களில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். காயப்பட்ட வரலாறு இருந்தால், படிவத்தில் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வாய்விட்டுச் சொல்லுங்கள். எப்படிக் காயப்பட்டீர்கள் என்று விளக்க விருப்பமில்லாதவர்கள் “உடம்பில் இரும்புத் துண்டு இருக்கு” என்று மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேல் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆயிரம் பேரில் ஒரு கணக்கு

நோயில்லாதவர்களுக்குப் பரிசோதனை செய்வதில் உள்ள சிக்கலை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை வட்டமாக எடுத்துக்கொள்கிறேன்.

எந்த அறிகுறியும் இல்லாத 1,000 பெண்கள் மமோகிராம் எடுக்கிறார்கள். அவர்களில் 5 பேருக்கு உண்மையில் புற்றுநோய் இருக்கிறது. பரிசோதனை அதில் 4 பேரைப் பிடித்துவிடுகிறது. புற்றுநோய் இல்லாத 995 பேரில் பத்தில் ஒருவருக்கு, அதாவது ஏறக்குறைய 100 பேருக்கு, ‘சந்தேகம்’ என்று முடிவு வருகிறது. ஆக 104 பேர் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். அவர்களில் புற்றுநோய் உள்ளவர்கள் 4 பேர்தான். மீதி 100 பேர் மறுபடி ஸ்கான், சிலர் ஊசி போட்டுத் திசு எடுக்கும் பரிசோதனை என்று அலைந்து, பல இரவுகள் நித்திரையின்றிக் கிடந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவோடு முதல் நாளே வீட்டுக்குப் போனவர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது.

ஒரே ஒரு உறுப்பை, அதற்கென்றே வடிவமைத்த கருவியால் பார்க்கும்போதே நிலைமை இது. தலை முதல் கால் வரை பார்த்தால் எவ்வளவு ‘சந்தேகங்கள்’ வரும்? ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் வயிற்றை ஸ்கான் செய்தால் சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி, ஈரலில் கொஞ்சம் கொழுப்பு, பித்தப்பையில் ஒரு சின்னக் கல் என்று ஏதாவது ஒன்று அறிக்கையில் இருப்பது வழமை. சாதாரண சிறுநீரக நீர்க்கட்டி வயதோடு வரும் நரையைப் போன்றது. பெரும்பாலும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையை வாட்ஸ்அப்பில் பார்க்கும் மகனுக்கும் மகளுக்கும் அது அப்படித் தெரியாது.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. ‘முழு உடலும் பார்த்தாச்சு, எல்லாம் நோர்மல்’ என்ற அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர், ஆறு மாதம் கழித்து மலத்தில் இரத்தம் போகும்போது அதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடும். வயிற்று அல்ட்ராசவுண்ட் பெருங்குடல் புற்றுநோயைத் தேடும் கருவியே அல்ல என்பதை அந்த அறிக்கை அவருக்குச் சொல்லியிராது.

தென்கொரியா கற்ற பாடம்

கூடுதலாகத் தேடினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா உதாரணம். அரசு 1999 இல் புற்றுநோய்க்கான ஸ்கிரீனிங் திட்டத்தைத் தொடங்கியது. தைரோயிட் அதில் இல்லை. ஆனால் வைத்தியசாலைகள் சிறிய மேலதிகக் கட்டணத்துக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக் கொடுத்தன. வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, மலிவு. மக்கள் விரும்பி எடுத்தார்கள்.

2011 ஆகும்போது தைரோயிட் புற்றுநோய் கண்டறியப்படும் வீதம் 1993 இல் இருந்ததைவிட 15 மடங்காகியிருந்தது. அந்நோயால் இறப்பவர்களின் வீதம் மட்டும் மாறவேயில்லை. கண்டுபிடிக்கப்பட்டவை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தராமல் இருந்திருக்கக்கூடிய மிகச்சிறிய கட்டிகள். ஆனால் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? ஏறக்குறைய எல்லோரும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள். பெரும்பாலானோர் வாழ்நாள் முழுக்க ஹோர்மோன் மாத்திரை எடுக்க வேண்டியவர்களானார்கள். சிலருக்குக் குரல் நரம்பு பாதித்தது. 2014 இல் கொரிய வைத்தியர்கள் சிலர் இதைப் பகிரங்கமாகச் சொன்ன பிறகு ஸ்கான்களும் சத்திரசிகிச்சைகளும் வேகமாகக் குறைந்தன.

இதை மிகைக் கண்டறிதல் என்கிறார்கள். மமோகிராமிலும் இது இருக்கிறது. பிரித்தானியாவில் 2012 இல் ஒரு சுயாதீனக் குழு எல்லா ஆய்வுகளையும் மீளாய்வு செய்தது. மார்பகப் புற்றுநோய் ஸ்கிரீனிங் அந்நோயால் ஏற்படும் மரணத்தை 20 வீதத்தால் குறைக்கிறது என்றும், காப்பாற்றப்படும் ஓர் உயிருக்கு ஏறக்குறைய மூன்று பெண்கள் தேவையற்ற சிகிச்சைக்கு உள்ளாகிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. பலன் உண்மையானது, விலையும் உண்மையானது. அதனால்தான் அங்கே அழைப்புக் கடிதத்தோடு இரண்டையும் விளக்கும் கையேடும் போகிறது.

பலன் நிரூபிக்கப்பட்டவை எவை?

புலம்பெயர் நாடுகளிலிருந்து பணம் வருகிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்த நாடுகளின் பொதுச் சுகாதார சேவைகள் தம் மக்களுக்கு முழு உடல் ஸ்கான் கொடுப்பதில்லை. பிரித்தானியாவில் 50 வயதிலிருந்து 71 வயதாகும் வரை பெண்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மமோகிராமுக்கு அழைக்கிறார்கள். அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் குழு 2024 இல் 40 முதல் 74 வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று பரிந்துரைத்தது. அறிகுறி இல்லாதவர்களுக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. செய்வதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்கவியலாளர் கல்லூரி 2023 இல் அறிவித்தது.

நுரையீரல் புற்றுநோய்க்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துத் தேடுவதில் பயனில்லை என்பதை அமெரிக்காவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2011 இல் காட்டியது. அதே வருடம் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, குறைந்த கதிர்வீச்சு சி.ரி. அந்நோயால் ஏற்படும் மரணத்தை 20 வீதத்தால் குறைக்கிறது என்று கண்டது. ஆனால் அதில் பங்குபற்றியவர்கள் எல்லோரும் 55 முதல் 74 வயதுவரையான, நீண்டகாலம் கடுமையாகப் புகைத்தவர்கள். புகைக்காத உங்கள் அம்மாவுக்கு அந்த முடிவு பொருந்தாது. சூலகப் புற்றுநோயை ஸ்கானாலும் இரத்தப் பரிசோதனையாலும் தேடிய பிரித்தானிய ஆய்வில் இரண்டு இலட்சம் பெண்கள் பங்குபற்றினார்கள். மரணங்கள் குறையவில்லை என்று 2021 இல் முடிவு வந்தது. அந்த இரத்தப் பரிசோதனை நம் நாட்டில் சில பக்கேஜ்களில் இன்றும் இருக்கிறது.

படம்பிடிக்கும் பரிசோதனைகளில் நாம் மறந்துவிடும் ஒன்று கண். நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் பழுதடைவது பார்வை மங்குவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. கண்ணின் உட்பகுதியைப் புகைப்படம் எடுத்தாலோ, துளி மருந்து விட்டுக் கண் வைத்தியர் பார்த்தாலோ அது தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் சிகிச்சை கொடுத்துப் பார்வையைக் காப்பாற்றலாம். வில்சனும் யுங்னரும் கேட்ட நிபந்தனைகளுக்கு இது பொருந்துகிறது. சீனி வருத்தத்துக்குப் பல வருடமாக மாத்திரை எடுக்கும் அப்பாவுக்கு வயிற்று சி.ரி.யைவிட இந்தக் கண் பரிசோதனைதான் முதலில் தேவை.

சிறுநீரகமும் அப்படித்தான். வவுனியா, அனுராதபுரம் போன்ற இடங்களில் சிறுநீரக நோய்ப் பயம் அதிகம். பலர் ஸ்கான் செய்து ‘கிட்னி நல்லா இருக்கு’ என்று ஆறுதலடைகிறார்கள். தொடக்கநிலைச் சிறுநீரக நோயில் ஸ்கான் படம் இயல்பாகவே இருக்கலாம். சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.

பணம் கட்டாமல் கிடைப்பவை

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய். இரண்டையும் தேடத் தொடங்குவதற்கு இயந்திரம் தேவையில்லை. கையும் கண்ணும் போதும்.

பெண்களுக்கான ‘வெல் வுமன்’ கிளினிக்குகள் 1996 முதல் நாடெங்கும் நடக்கின்றன. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டால் நாளும் இடமும் சொல்வார்கள். மார்பகப் பரிசோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை எல்லாம் இலவசம். குறிப்பாக 35, 45 வயதுகளில் உள்ள பெண்களைக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். அந்த நோய் ஏற்படக் காரணமான வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுகிறது. மாதம் ஒருமுறை மார்பகத்தைத் தாமே பரிசோதிக்கும் முறையையும் கிளினிக்கில் கற்றுத் தருவார்கள்.

ஆண்களும் பெண்களும் போகக்கூடிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் இயங்குகின்றன. 35 வயதைக் கடந்தவர்களுக்கு பிரஷர், சீனி, உடல் நிறை பார்த்து இதய நோய் ஆபத்தைக் கணிப்பார்கள். இங்கே வரும் ஆண்கள் குறைவு. வேலை நாளைப் பாழாக்க வேண்டுமா என்ற யோசனையும், வருத்தம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதா என்ற கூச்சமும் காரணம். நம்மவர்களை அதிகம் கொல்வது மாரடைப்பும் பக்கவாதமும். அவற்றின் முன்னறிவிப்பை எந்த ஸ்கானும் பிரஷர் பார்க்கும் கருவியைப்போல் மலிவாகக் காட்டித் தராது. கொழும்பில் இருப்பவர்களுக்கு நாரஹேன்பிட்டியில் தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையம் ஒன்றும் இருக்கிறது.

படம் எடுக்கச் சொன்னால் கேட்க வேண்டியவை

வைத்தியர் ஸ்கான் எழுதித் தந்தால் சில கேள்விகளைக் கேட்பது உங்கள் உரிமை. இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது? முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போகிறதா? கதிர்வீச்சு இல்லாத வேறு வழி இருக்கிறதா? முன்பு எடுத்த படத்தை வைத்துப் பார்க்க முடியாதா?

பழைய படங்களையும் அறிக்கைகளையும் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்திருங்கள். நுரையீரலில் ஒரு புள்ளி புதிதாக வந்ததா, ஐந்து வருடமாக அப்படியே இருக்கிறதா என்பதைப் பழைய படம் ஒன்றே தீர்த்துவைத்துவிடும். ஸ்கான் படிவத்தில் உங்கள் அறிகுறிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். படத்தைப் பார்ப்பவர் உங்களைப் பார்க்காமலும் இருக்கலாம். என்ன தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அவரால் சரியாகத் தேட முடியும். சாயம் ஏற்றிச் செய்யும் சி.ரி. என்றால் சிறுநீரகப் பிரச்சினை, ஒவ்வாமை, நீரிழிவு மாத்திரை பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். அறிக்கை வந்ததும் இணையத்தில் தேடாமல், அதை எழுதித் தந்த வைத்தியரிடமே கொண்டு போங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி மிஞ்சும். பக்கேஜ் வாங்காதே என்று சொல்வது சுலபம். அறிகுறியோடு போகிறவருக்கு அரச வைத்தியசாலையில் உரிய நேரத்தில் ஸ்கான் கிடைக்கிறதா?

பல இடங்களில் கிடைப்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் கதிர்ப்படப்பிடிப்பாளர்களும் பெருமளவில் நாட்டைவிட்டுப் போனார்கள். இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகம் வரும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும், அல்லது தனியாரிடம் போக வேண்டும். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கானர் வாங்க 2016 இல் பொதுமக்கள்தான் ஊர் ஊராகப் பணம் சேர்த்தார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011 இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் மக்கள் நடந்தே நிதி திரட்டினார்கள். இவை நெகிழ வைக்கும் கதைகள்தான். ஆனால் இலவச சுகாதாரத்தைப் பெருமையாகச் சொல்லும் ஒரு நாட்டில் நோயறியும் இயந்திரம் நன்கொடையில் தங்கியிருக்க முடியாது.

கேட்க வேண்டியது ஒவ்வொருவருக்கும் வருடாந்த ஸ்கான் அல்ல. மார்பில் கட்டி என்று வரும் பெண்ணுக்குச் சில நாட்களுக்குள் ஸ்கானும் திசுப் பரிசோதனையும், எம்.ஆர்.ஐ. படிவம் தமிழிலும், வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கிளினிக்கும் கிடைக்க வேண்டும். இவை கேட்டுப் பெறக்கூடியவை.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப யோசிப்பவர்கள் அதற்கு முன் தொலைபேசியில் கேட்கக்கூடியவை சில இருக்கின்றன. பிரஷர் கடைசியாக எப்போது பார்த்தது? சீனிக்குக் கண் காட்டியாச்சா? உடம்பில் எங்காவது கட்டி தட்டுப்படுகிறதா? மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது ஏதும் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கேனும் ‘ஓம்’ என்று பதில் வந்தால் பக்கேஜுக்கு நாள் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அடுத்த நாளே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் கூடப் போவதற்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.